மாமா தந்த சவரப் பிரஷ்

மழையில் நனைந்த ஆடு வீட்டுக்குள் ஏறி நின்றால் எப்படி அடிக்குமோ அப்படி ஒரு வாடை, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசிக் கடைசியில், எங்கள் "புறவாசல்" கிணற்றடியிலிருந்து தினமும் விடிந்ததும் கிளம்பி, அடுக்களைச் சாம்பாரையும் பூஜை அறைச் சாம்பிராணியையும் தாண்டி, "பட்டாசல்" என்கிற முன்கூடத்தில் நான் படுத்திருந்த பாய்வரை வந்துவிடும். சேரன்மகாதேவியில் எங்கள் தெரு சுத்த சைவம். முட்டை உடைக்கும் சத்தம்கூடக் கேட்காது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த வாடையா என்று எழுந்து போய்ப் பார்த்தால், தபாலாபீஸ் வேலைக்குக் கிளம்ப வேண்டிய அப்பா, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஒரு புதுச் சவரப் பிரஷ்ஷை உள்ளங்கையில் சோப்பு நுரை பொங்கச் சுழற்றிக்கொண்டிருப்பார். அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோக மாட்டார். சுழற்றுவார், அலசுவார், உதறுவார், மறுபடியும் சுழற்றுவார். பிறகு தன் பழைய நைலான் பிரஷ்ஷை எடுத்துச் சவரம் செய்துகொண்டு போய்விடுவார்.

புதுப் பிரஷ் மாமா தந்தது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி, தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. கூட வேலை பார்த்த ஒரு கடற்கரை ஊர்ப் பெண்ணை, கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணை, அவர் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டபோது எனக்கு ஆறு வயது. "இனி இந்த வாசல்ல அவன் கால் படக்கூடாது" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். அதன்பின் நாலு வருடம் அம்மா மாமாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் தூத்துக்குடி பஸ் தெரு முனையில் திரும்பும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

என் தம்பிக்குக் காது குத்த வேண்டி வந்ததால்தான் அந்த வாசல் திறந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மூன்று வயதில் நடந்திருக்க வேண்டியது தள்ளிக்கொண்டே போய், "என்ன, பையன் பள்ளிக்கூடம் போறவரைக்கும் மூளிக் காதோட திரியணுமா" என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்த பிறகு, அப்பா தானே ஒரு கார்டு எழுதிப் போட்டார். பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் சாஸ்தா முக்கூடலுக்கு அப்பால் ஆற்றங்கரையில் இருந்தார். அங்கே வைத்துக் குத்திவிடலாம், வந்து சேரவும் என்று எழுதியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமா தனியாக வந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கியதாக அந்தப் பிரஷ்ஷை நீட்டினார்.

"மொதல்ல முள்ளு மாதிரிக் குத்தும் அத்தான். தெனமும் தண்ணில ஊறப்போட்டு, கையில நுரைச்சுச் சுத்தி, தலகீழாத் தொங்கவிட்டுக் காய வைங்க. நுனி பிளந்து இருவது நாள்ல பட்டாயிரும். உத்திரத்தன்னைக்கு இதுலதான் சவரம் பண்ணிட்டு வரணும்" என்றார். அப்பா "சரி" என்று மட்டும் சொன்னார். நாலு வருடத்துக்குப் பின் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அம்மா அதற்கே அடுக்களையில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பீற்றிக்கொள்ளாமல் இருக்க எனக்கு எப்போதுமே தெரியாது. மறுநாள் வகுப்பில் இசக்கியம்மாளிடம் எங்கள் வீட்டுக் கப்பல் பிரஷ்ஷைப் பற்றி அளந்தேன். அவள் அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சலூன் வைத்திருந்தார். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"மரப்பிடியா? வெள்ளையும் பழுப்புமா முடியா? நனைச்சா நாறுதா?"

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"அது பன்னி முடிட்டி. எங்க கடையில ஒண்ணு கெடக்கு."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொன்னால் அப்பா பிரஷ்ஷை மட்டுமா தூக்கி எறிவார்? வேண்டுமென்றே நம் வீட்டைக் கெடுக்கக் கொண்டுவந்தான் என்று மாமாவையும் சேர்த்து எறிவார், காதுகுத்து நின்றுபோகும், அம்மா பழையபடி பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்பாள். சொல்லாவிட்டாலோ, உத்திரத்தன்று அப்பா பன்றி முடியைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு சாஸ்தா முன்னால் போய் நிற்பார், சாமி யாரைப் பிடிக்கும் என்று தெரியாது, தம்பியைத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன், படிக்க உட்கார்ந்தால் கிணற்றடிக்கு ஓடுவேன். ஊறப்போட்டிருந்த தண்ணீரில் ஒரு நாள் திருநீற்றைக் கரைத்துவிட்டேன். அதுவும் போதாதென்று, பத்தாம் நாளோ என்னவோ, பிரஷ்ஷையே தூக்கி வெந்நீர் அடுப்புக்கு வைத்திருந்த உமி மூட்டைக்குள் செருகிவிட்டேன்.

அப்பா தேடிய தேடல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கூரைமேல் ஏறிப் பார்த்தார். காக்கா சோப்பைத் தூக்குவதுபோல இதையும் தூக்கியிருக்கும் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "அவன் ஆசையாக் கொண்டாந்தது, இப்படியா தொலையணும்" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் நானே ஓடிப்போய்த் தோண்டி எடுத்து, கொடிக்கு அடியில் கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். முடிக்குள் ஒட்டியிருந்த உமியை அப்பா ஒவ்வொன்றாக எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

உத்திரத்தன்று காலையில் நான் முந்திக்கொண்டு கிணற்றடியில் போய் நின்றேன். அப்பா கண்ணாடியை வேப்பமரத்து ஆணியில் மாட்டி, அந்தப் பிரஷ்ஷால் ஒரு கன்னம் முழுக்க நுரை பூசிவிட்டார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா, அது பன்னி முடி."

அவர் கை நிற்கவில்லை. "யாரு சொன்னா?"

"இசக்கி."

"அவ சொல்லித்தான் தெரியணுமாக்கும். மொத நாள் தண்ணில போட்டப்பவே தெரிஞ்சிட்டு."

"பொறவு ஏன்ப்பா போடுதீங்க?"

அப்பா அடுக்களைப் பக்கம் பார்த்தார். அம்மா வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கேட்டியா? நாலு வருசமா அவ வாயக் கட்டிப் போட்டது நாந்தான்" என்றார். "பழைய பிரஷ்ஷுல பண்ணிட்டுப் போனா அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா."

"சாமி கோவிச்சா?"

"அதுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ அம்மைட்ட மூச்சு விடாத. தம்பி கொண்டாந்தது இப்படியான்னு குறுகிப் போவா."

அப்புறம் அடுத்த கன்னத்துக்கும் பூசினார்.

கோயிலில் மாமாவும் அத்தையும் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். மாமா நேராக வந்து அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார். "பட்டாயிட்டுல்லா அத்தான்?" என்று கேட்டார். "ஆயிட்டு" என்றார் அப்பா. தம்பி மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான், ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார், சாமி யாரையும் பிடிக்கவில்லை. இருபது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஒரு இடத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. சேரன்மகாதேவி வீட்டை விற்றாயிற்று. அந்தக் கிணற்றை மூடி மேலே யாரோ கார் நிறுத்துகிறார்கள். டப்பாவை அமுக்கினால் நுரை வருகிற இந்தக் காலத்தில், ஒரு பிரஷ்ஷை இருபது நாள் பழக்க எந்த ஆணுக்குப் பொறுமை இருக்கிறது? அம்மா இப்போது பாளையங்கோட்டையில் என்னோடு இருக்கிறாள். முழங்கால் வலியால் போன உத்திரத்துக்குக் கோயிலுக்குப் போக முடியவில்லை. பொழுது போகாமல் பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது, இனி என்ன ரகசியம் என்று இதைச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பம் உங்க மாமா வந்துட்டுப் போன மறுநாள்லேருந்து அவுக கெணத்துல குளிக்கல. தெனமும் ஆத்துக்குப் போயி முங்கிட்டு வருவாக" என்றாள் பிறகு. "என் தம்பி வந்த தீட்டக் கழுவுதாகன்னு நெனச்சேன்ட்டி. பன்னி முடியத் தொட்டதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேண்டா வெறுப்பாத்தான் கூப்பிட்டிருக்காக, காது குத்துக்காகத்தான்னு நெனச்சேன். சாகுற வரைக்கும் அத மனசுல வச்சிக்கிட்டுத்தான் அவுகளுக்குச் சோறு போட்டேன்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள், நானும் இத்தனை வருடம் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டேன். அன்று முழுக்க அம்மா ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. வலிக்கிற காலோடு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தாள். சாயங்காலம் விளக்கேற்றப் போனவள், தீப்பெட்டியைக் கையில் வைத்தபடியே அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா?" என்று கேட்டாள்.