புதிதாக மெழுகிய அடுப்பு

ஒல்லாந்தர் கோட்டைக் கிடங்கில் துணி அளந்து பதிவது என் வேலை. ஏரிக்கரைக் குப்பத்தில் வீடு வாங்கப் போனபோதும் சுவர், கிணறு, வேலி எல்லாவற்றையும் கோல் வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். விற்கிறவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வழக்கம் அப்படி. தரகர் துண்டுக்கடியில் என் விரலைப் பிடித்து விலை பேசுவார். பிறகு விற்கிறவர் விரலைப் பிடிப்பார். கிரய ஓலை எழுதும்வரை வாங்குகிறவரும் விற்கிறவரும் நேரில் பேசிக்கொண்டால் தரகரை அவமதித்ததாக ஆகும்.

விற்கிறவர் ஏரியில் வலை போடுகிறவர். படகு உடைந்துபோனதால், புதுப் படகுக்காக வீட்டை விற்கிறார் என்றார் தரகர். பின்னால் இருக்கும் சமையல் குடிசையும் சேர்த்து எனக்குத்தான், ஓலை எழுதிய மறுநாளே காலி என்றும் சொன்னார். முன்பணம் கொடுத்தேன்.

ஓலை எழுத ஒரு நாள் இருந்தது. வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவே நான் குறித்த அளவில் ஒரு சாண் கணக்கில் இடித்தது. சோறு இறங்கவில்லை. கோலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். குடிசையில் விற்கிறவரின் மனைவி புது அடுப்பு போட்டு மெழுகிக்கொண்டிருந்தார்.

காலி செய்கிறவர் எதற்கு அடுப்பு போடுகிறார்? சாண் கணக்கு மறந்துபோயிற்று. வழக்கத்தை மீறிக் கேட்டுவிட்டேன்.

“இன்னாங்க இது, நாங்க பின்னாலயே இருந்துக்கலாம்னு நீங்கதான சொன்னீங்களாம்? தரகரு சொன்னாரே.”

மீதியை அவர் கணவர் சொன்னார். ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று குப்பத்தார் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குப்பத்தில் அடுப்பெரிகிற குடும்பத்துக்கே சீட்டு. அடுப்பு போனால் பாடும் போயிற்று. பிறகு புதுப் படகு எதற்கு?

என் வீட்டாரும் சமைக்க அந்தக் குடிசையைத்தான் நம்பியிருந்தார்கள். மறுநாள் ஓலை எழுதுகிறவர் முன்னால், எங்களிடம் ஒன்றும் அவர்களிடம் ஒன்றுமாக ஏன் சொன்னீர் என்று தரகரைக் கேட்டேன். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டதாகச் சொன்னார்.

“உனுக்கு இன்னா நைனா, தரகு வாங்கினு பூடுவ,” என்றார் வலைக்காரர். “நான்தான தண்ணில நிக்கணும்.”

குடிசையையும் அதற்குப் போகிற மூன்று முழ வழியையும் ஓலையில் நீக்கி எழுதச் செய்தேன். குறைத்த விலையைத் துண்டில்லாமல் வாயாலேயே பேசினோம். தரகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது யாராவது வீடு வாங்கப் போவதாகச் சொன்னால், விற்றபின் எங்கே சமைப்பீர்கள் என்று விற்கிறவரிடமே கேட்கச் சொல்கிறேன். அளப்பதெல்லாம் அப்புறம்.

சீட்டுக் குலுக்கும் நாளன்று காலையில் மழை. குடிசையில் ஈர அடுப்பு புகைந்ததே தவிரப் பற்றவில்லை. குப்பத்துப் பெரியவர்கள் வீடு வீடாக அடுப்பைப் பார்த்துக்கொண்டு பக்கத்து வேலிவரை வந்துவிட்டார்கள். என் வீட்டு விறகில் உலர்ந்ததாக ஏழு கட்டை பொறுக்கி வலைக்காரர் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குடிசை வாசலில் நின்றேன். வந்த பெரியவர்களில் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. வலைக்காரர் பெயரைச் சொல்லிச் சீட்டில் எழுதச் சொன்னார்.