அடுப்புக்கு ஒரு புள்ளி

காவிரி கடலுக்குப் போக வழி தெரியாமல் முழித்தபோது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவரே ஜெக்கரியா சார்தான். இமயமலை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வடக்கே போய் உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் முழுக்க இப்படிக் கிளப்பிவிட்டவன் ஒன்பதாம் வகுப்புத் துரைராசு.

கோடியக்கரைப் பக்கத்திலிருந்து பூகோளம் நடத்த வந்தவர் சார். உப்புக்காற்று இல்லாத ஊரில் தூக்கம் வராது என்று மனைவி ஆசியா பிறந்த வீட்டோடு தங்கிவிட்டாள். சார் தானே பொங்கி, தானே குறை சொல்லிச் சாப்பிட்டார்.

அந்த வருஷம் வகுப்புச் சுவரில் ஊரின் படத்தை வரைந்து மாட்டினார்.

"ஆளுக்கு ஒரு தெரு. அடுப்புக்கு ஒரு புள்ளி. குழாய் எங்க, ஓட்டு வீடு எங்க, வாந்திபேதியில செத்தது எங்க, எல்லாத்துக்கும் ஒரு கலர். ஊரு தானாப் பேசும்."

"பேசினா மொதல்ல நம்மளத்தான் திட்டும் சார்" என்றான் துரைராசு.

சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாய்க்காலுக்கு அந்தப் பக்கக் காலனியை அவன் தலையில் கட்டினார். "குட்டைத் தண்ணியத்தான் குடிக்கிறாங்கடா. இருபது வீடு இருந்தா அடிபம்பு தர்றேன்னு யூனியன் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. ஒழுங்கா எண்ணு."

காலனி வேலைநிறுத்தத்தில் இருந்தது. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்றார் துரைராசின் அப்பா கோவிந்தராசு. அவருக்கும் நிலம் இருந்தது. யூனியன் அதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம், பையன் வாய்க்கால் கரையில் நின்றபடியே கூரைகளுக்கு மேல் எழும்பிய புகையை எண்ணினான். அடுப்புதானே கணக்கு? பதினொன்று. மறுநாள் காலை, அதிகாரி வருகிற நேரத்தில்தான் காலனித் தாளைக் கொண்டுபோய்ப் படத்தில் ஒட்டினான்.

அதிகாரி விரல் வைத்து எண்ணினார். "பதினொண்ணுதானே இருக்கு, வாத்தியாரே?"

"இருக்காதுங்க, அங்க அதுக்கு மேலயே..."

"உங்க பசங்க போட்ட படம்தானே?"

பம்பு அடுத்த ஊருக்கு என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலனிக்கு ஓடினார். பொழுது சாய்கிற நேரம் துரைராசு வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"நாப்பது வீடுடா. பாதிக்கு மேல அடுப்பே எரியல, உலையில போட ஒண்ணுமில்ல. புகையத்தான எண்ணின?"

துரைராசு வழக்கமான சிரிப்பைத் தேடினான். "இல்ல சார், வீடு வீடாப் போயித்தான்..."

"போனியா? எண்ணப் போறேன்னு நேத்து கிளம்பினியே, அப்ப வாந்திபேதியில ஒரு பச்சப்புள்ள போயிருக்கு. தெருவே வாசல்ல நின்னு அழுதிருக்கு. எந்த வீடு, சொல்லு."

"யாருடா வாசல்ல?" என்றது உள்ளேயிருந்து அப்பாவின் குரல். போனேன் என்றால் அப்பா காலை ஒடிப்பார்; போகவில்லை என்றால் பொய் வாசலிலேயே உடையும். சார் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.