பாம்பின் காதும் நான்கு வாப்பாமாரும்

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. சின்ன வயதில் எருமைகளோடு வயலுக்குப் போனேன், பின்னேரம் ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகினேன். தமிழ் எழுத்து தெரியும், கடைப் பெயர்ப்பலகை அளவுக்கு. அதுவும் எழுத்து பெரிதாக இருந்தால். இதை நான் சொல்லச் சொல்ல என் இளைய மகள் எழுதுகிறாள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிரிக்கிறாள்.

மூத்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவள் எங்கள் கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறாள். சனிக்கிழமை பின்னேரங்களில் அதே பிள்ளைகளை வீட்டுக்கும் கூப்பிட்டு, முன் மண்டபத்தில் காசு வாங்காமல் வகுப்பு வைப்பாள். வீடு நான் கட்டியது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் என்பதால் இப்போது அது அவளுடையது. நான் பின் அறையில் இருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் என் கதிரை மண்டபத்துக் கதவடிக்கு வந்துவிடும்.

ஏன் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். என் மச்சான் சவூதியில் இருந்த காலத்தில் அவர் கடிதங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் எனக்கு வாசித்துக் காட்டுவார். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில், "இதை வாசிக்கிறவருக்கு விசேஷமா ஸலாம் சொல்லவும், தேத்தண்ணி குடுக்கவும்" என்று இருக்கும். கொஞ்சக் காலம் நானும் கொடுத்தேன். பிறகு ஒருநாள் மனம் கேளாமல், அண்ணன் முறையில் கூப்பிட்டு, "காக்கா, கடிதத்தில அப்பிடியே போட்டிரிக்கா, இல்லாட்டி நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மறுமொழி விளங்கிவிட்டது. வாசிக்கத் தெரியாதவனுக்கு இந்த ஒரு கேள்விதான் கைத்தடி. என் மகளின் வகுப்பில் அதே கேள்வி பின்னேரம் முழுக்க ஓடும். அதனால்தான் எனக்கு அந்த வகுப்பில் அவ்வளவு ருசி.

முதல் மாதங்களில் பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒருத்தி எழும்பி, தவளை தோலாலும் மூச்சு விடும் என்பாள்.

"எங்க இரிக்கி?" என்று மகள் கேட்பாள்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."

"நான் சொன்னா ஆதாரமா? பள்ளிவாசல்ல ஒருத்தர் எழும்பி ஹதீஸ் எண்டு ஒண்டச் சொன்னா, எந்தக் கிதாபு எண்டு கேக்கிறமே. தவளையெண்டா மட்டும் ஏன் புள்ள கேக்காம விடுற?"

பிறகு புத்தகம் விரியும், விரல் வரியில் நிற்கும். அதோடு விடமாட்டாள். "அந்த வரி நீ சொன்னதத்தான் சொல்லுதா, இல்ல அதுக்குக் கிட்ட ஒண்டச் சொல்லுதா?" என்பாள். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வியர்த்துப் போவார்கள். ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். சில பிள்ளைகள் அழுததும் உண்டு. நானே ஒருமுறை, "மகள், கொஞ்சம் விட்டுக் குடு" என்று சொல்லிப் பார்த்தேன். "வாப்பா, பேசாம இருங்க" என்றாள்.

வினை அங்கேதான் வந்தது. டவுனில் ஒரு பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இருத்தி, அச்சடித்த நோட்ஸ் கொடுக்கிற வகுப்பு ஒன்று நடக்கிறது. அங்கே பாடம் முடிந்து திருப்பிப் படிக்கிறார்களாம், இங்கே இன்னும் பாதியில் நிற்கிறதாம். பெற்றோர் பாடசாலை அதிபரிடம் போனார்கள். அதிபர் மகளைக் கூப்பிட்டு, பெற்றோர் ஒன்றாகக் கேட்டால் உயர்தர வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு உங்களைக் கீழ் வகுப்புக்கு விடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். அன்று அவள் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிள்ளைப் பேற்று நேரத்தில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு நான்கு வாப்பாமார் வாசல் கேற்றடியில் வந்து நின்றார்கள். முன்னுக்கு நின்றவர் ஹாட்வெயார் கடை முதலாளி. அவருடைய மகள்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவர் போகிற பக்கம்தான் மற்ற மூவரும் போவார்கள் என்பது எனக்குப் பார்த்த உடனே விளங்கியது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மகள் கதிரை போட்டுக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பின்னால் அவர்களை இருத்தினாள். தேத்தண்ணி வந்தது.

முதலாளி தொண்டையைச் செருமினார். "டீச்சர், கோவிக்கப்படா. உங்களில எங்களுக்கு மரியாத இரிக்கி. ஆனா இந்தப் புள்ளயோட வீட்டில இருக்க ஏலா. உம்மா கறியில உப்புக் கூட எண்டா ஆதாரம் கேக்கிறா."

பிள்ளைகள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிக்காதீங்க. இந்தக் கிழம கடையில பைப்புக்குள்ள ஒரு விரியன் பூந்திட்டு. தகரத்தத் தட்டுங்கடா, ஓடும் எண்டன். மகன் சொல்றான், பாம்பு செவிடு வாப்பா எண்டு. நோட்ஸ எடுத்துக் காட்டினான். ஒரே வரி. அவன் டவுன் வகுப்புக்குப் போறவன்." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துத் தன் மகளிடம் நீட்டினார். "நீ சொல்லு, புள்ள. கேக்குமா, கேக்காதா? ஒரு சொல்லில சொல்லு."

நான் கதவடியில் இருந்தபடி, "கேக்கும். வயல் வாடிக் குடிசையில ராவில அதுட பேரயே நாங்க சொல்ற இல்ல, பூச்சி எண்டுதான் சொல்ற" என்றேன்.

"மூத்தாப்பா, அது எந்தப் புத்தகத்தில?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபமே சிரித்தது. நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.

முதலாளியின் மகள் புத்தகத்தைப் புரட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்தாள். "ஓம் வாப்பா. நோட்ஸ் சரிதான். பாம்புக்குப் புறச்செவி இல்லயெண்டு இங்கயும் போட்டிரிக்கி. கேக்காது."

"பாத்தீங்களா டீச்சர்!" முதலாளி தொடையில் தட்டினார். "ஒரு நிமிஷம். இதுக்கு ஒரு பின்னேரமா?"

நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். மார்க்கர் பேனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏதோ பிழை என்று அந்தக் கையில் தெரிந்தது. சொல்லன் மகள், சொல்லிவிடன் என்று என் உள்மனம் கத்தியது. அவள் பிள்ளைகளின் பக்கம் பார்த்தாள்.

பின்வரிசையில் ஒரு மெலிந்த பிள்ளை எழும்பியது. அந்தப் பிள்ளை வகுப்பில் கதைத்து நான் கேட்டதே இல்லை. "அந்த வரி அதச் சொல்லல்ல" என்றது.

"என்ன சொல்லல்ல?" என்றார் முதலாளி.

"வெளியில காது இல்லயெண்டுதான் போட்டிரிக்கி, மாமா. கேக்காதெண்டு போடல்ல. ரெண்டும் ஒண்டில்லயே."

முதலாளியின் மகள் திரும்பப் புத்தகத்தைப் பார்த்தாள். உதடு அசைய அசைய வாசித்தாள். முகம் காதுவரைக்கும் சிவந்துவிட்டது. பிறகு எழும்பிப் போய் அலுமாரியிலிருந்த தடித்த புத்தகத்தை எடுத்தாள். இரண்டு பிள்ளைகள் கூடப் போனார்கள். தாள் புரளுகிற சத்தம் மட்டும்தான். ஒரு வாப்பா தேத்தண்ணியை உறிஞ்சினார், அது இடிபோலக் கேட்டது.

"வாப்பா," என்று அவள் திரும்பி வந்தாள். "நான் சொன்னது பிழ. உள்ளுக்குக் காது இரிக்கி. நிலத்து அதிர்வு கீழ்த்தாட எலும்பால உட்செவிக்குப் போகுதெண்டு இந்தா போட்டிரிக்கி. அப்ப செவிடெண்டு சொல்ல ஏலா. காத்தில வாற சத்தம் எவ்வளவுக்குக் கேக்கும் எண்டு இந்தப் பக்கத்தில இல்ல. அதால அத நான் சொல்லமாட்டன்."

"அப்ப நோட்ஸ் பொய்யா?"

"பொய் எண்டு சொல்லல்ல. எங்க பாத்து எழுதின எண்டு அதில இல்ல. எனக்கு இப்ப காட்டினதுக்கு மேல சொல்ல ஏலா."

"யா அல்லாஹ்" என்றார் இன்னொரு வாப்பா, மீன் லொறி வைத்திருப்பவர். "முதலாளி, உங்கட மகள் பள்ளிவாசல் மரைக்காயர் போல வழக்குத் தீர்க்குது. பள்ளி நிர்வாகத்தில போடுவம்."

முதலாளி சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பலபேர் முன்னால் மகளிடம் தோற்ற மனிதன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? அவர் எழும்பி, பிள்ளைகளின் நடுவால் நடந்து போய், சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"எங்க, காட்டு. உட்செவி எண்டு எந்த வரி?"

அவள் காட்டினாள். அவர் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். "கீழ்த்தாட எண்டுதான் போட்டிரிக்கி" என்று மீன் லொறிக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து, "அப்ப தகரத்தத் தட்டினா நிலம் அதிருமா?" என்று கேட்டார். "அது எத்தின பாரமான தகரம் எண்டத்தப் பொறுத்தது" என்றார் முதலாளி. "அது இந்தப் பக்கத்தில இல்லயே மாமா" என்றாள் அந்த மெலிந்த பிள்ளை. மற்ற இரண்டு வாப்பாமாரும் எழும்பி வந்தார்கள். நான்கு தொப்பிகள் ஒரு புத்தகத்துக்கு மேலே. ஒருவர் தாளைப் புரட்டப் போக, மற்றவர், "பொறுங்க, நான் இன்னும் முடிக்கல்ல" என்று கையைத் தட்டிவிட்டார். பிள்ளைகள் சுற்றி நின்று வரி காட்டிக்கொடுத்தார்கள். என் மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். மார்க்கர் பேனை இப்போது மேசையில் கிடந்தது.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உணர்வு வந்தது. தேத்தண்ணி மூன்று கோப்பையில் ஆறிப் போயிருந்தது. என்ன சொல்ல வந்தோமோ அதை ஒருவரும் சொல்லாமலே கேற்றடிக்குப் போனார்கள். முதலாளி மட்டும் செருப்பைப் போட்டபடி நின்றார்.

"டீச்சர், பாடம் முடியுமா, முடியாதா? நேராச் சொல்லுங்க."

"முடியும். கடைசி மாசம் கஷ்டப்படுவாங்க. ஆனா படிச்சது கையில நிக்கும்."

"அப்ப சரி. அதிபருக்கிட்ட நான் கதைக்கிறன்."

திங்கட்கிழமை அவர் கதைத்த கதை எங்கள் சந்தி தேத்தண்ணிக் கடைக்கு மத்தியானமே வந்துவிட்டது. நோட்ஸ் வகுப்பில்தான் கூடப் பிள்ளைகள் பாஸ் பண்ணுகிறார்கள் என்று அதிபர் சொன்னாராம். "அத எங்க பாத்தீங்க சேர்?" என்று முதலாளி கேட்டாராம். மற்ற மூன்று வாப்பாமாரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்களாம். இது நான் கண்டதல்ல, மீன் லொறிக்காரர் சொன்னது. அதையும் எழுது என்று இளைய மகளுக்குச் சொல்கிறேன்.

நான் கண்டது இதுதான். அன்று பின்னேரம் மூத்தவளின் ஸ்கூட்டி தெருமுனையிலிருந்தே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. கேற்றைத் திறந்த என்னைத் தாண்டி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனாள்.

"வகுப்பு என்னோடதான் வாப்பா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சோறு எங்க? பசிக்குது."