மருந்து ரூம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே என் சீட்டு கிழியப் பார்த்தது. காரணம், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்.

அறுபதுகளின் தொடக்கம். கட்டட இலாகாவில் கிளார்க், ஆறு மாதம் புரொபேஷன். தினமும் சிராங்கூன் ரோட்டிலிருந்து பஸ் பிடித்து புக்கிட் பாஞ்சாங் பக்கம் போவேன். அங்கே இருந்த பழைய ராணுவ கேம்பைப் பள்ளிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தோம். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் கட்டியது. பிறகு ஜப்பான்காரன் கூலிகளை அடைத்து வைத்தது. பழைய பிளான் கிடைக்கவில்லை. அதனால், அந்த நாளிலிருந்தே அங்கிருக்கும் வாட்ச்மேன் மாரிமுத்து அண்ணனைக் கேட்டு, எந்த அறை என்னவாக இருந்தது என்று லிஸ்ட் எழுதினேன்.

"இது குக்ஹவுஸ். அந்தக் கடைசியில இருக்கறது மருந்து ரூம் லா."

'டிஸ்பென்சரி' என்று எழுதிவிட்டேன். நல்ல வெயில், பசி வேறு. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புதுப் பிளானிலும் பள்ளி டிஸ்பென்சரி அங்கேயே வந்துவிட்டது.

பிளானோடு சூப்பர்வைசர் கந்தையா நேரில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேனாவால் மேசையைத் தட்டியே ஆளை நடுங்க வைப்பவர். கதவைத் திறந்தால் இரண்டடி கனத்துக்குச் சுவர். மருந்துக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை.

"ஐசே, இது வெடிமருந்து வைக்கிற இடம். இதுக்குள்ளயோ பிள்ளையளுக்கு ஊசி போடப் போறீர்? நாளைக்கு உமக்கு வேலை இருக்குமோ எண்டு நான் சொல்லேலாது."

எனக்கு வந்த கோபமெல்லாம் சாவியோடு பக்கத்தில் நின்ற மாரிமுத்து அண்ணன் மேல் திரும்பியது. "ஏண்ணே, வெடிமருந்துன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன் காலத்துல வெடிமருந்துதான் தம்பி. ஜப்பான்காரன் அதைக் காலி பண்ணிட்டு, காய்ச்சல்ல விழுந்தவங்களை இங்க கொண்டாந்து போட்டான். எங்க அண்ணன் இங்கதான் செத்தாரு. பேரு மட்டும் மருந்து ரூம். ஒரு மாத்திரை கெடைக்கல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கந்தையா பேனாவைத் திறந்தார். என் பெயரைத்தான் எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பிளானில் அந்த அறைக்கு நான்கு ஜன்னல்கள் வரைந்தார்.

"சுவரை உடைக்கச் சொல்லும். டிஸ்பென்சரி டிஸ்பென்சரியாவே இருக்கட்டும்."

தெரியாத சொல்லை எல்லோரும்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். தெரிந்த சொல்லையும் இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்பது நான் அங்கே படித்த பாடம். என் வேலையும் நிலைத்தது.

பள்ளிக்கு நர்ஸ் வந்த முதல் நாள், பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக மாரிமுத்து அண்ணன் நின்றார்.

"உடம்புக்கு என்னண்ணே?"

"ஒண்ணும் இல்ல லா. மருந்து குடுக்கறாங்கல்ல."

ஒரு மூடி இருமல் மருந்தை வாங்கி, அங்கேயே நின்று குடித்தார்.