தங்கைக்குப் பார்த்த இரண்டு பள்ளிக்கூடங்கள்

அப்பாவின் கையில் எப்போதும் கிரீஸ் வாசம் இருக்கும். மதகின் ஷட்டர் திருகுகளுக்கு அவர் தடவும் அந்தக் கறுப்புப் பிசுக்கு, எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாமல், அவர் தொட்ட சோற்றுத் தட்டிலும் எங்கள் பாடப்புத்தகங்களின் ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லணையிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கம் வரும் கால்வாயை எங்கள் ஊரில் ‘புதாறு’ என்பார்கள். அதன் மதகுகளை மேலதிகாரி சொன்னபடி திறந்து அடைக்கும் ‘லஸ்கர்’ வேலை அப்பாவுக்கு. எங்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். சித்தப்பா உட்பட மற்ற எல்லோரும் மிராசுதாரர்களின் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. கடைத்தெருவில் கட்சிக்காரர்கள் நடத்திய படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டுக் கேட்டே, இருபது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். “நாலு எழுத்து தெரிஞ்சதாலதான் நான் சேத்தை விட்டுக் கரையேறுனேன்” என்பார். நான் சொல்லும் காலத்தில் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. என் தங்கைக்கு அவர் ஆசையாக வைத்த பெயர் தமிழ்ச்செல்வி.

செல்வி என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுக்கு இருந்த நினைவாற்றலை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. மதகுக் குறிப்பேட்டை எழுத உட்காரும்போது அப்பா அவளைத்தான் கூப்பிடுவார்.

“நேத்து மூணாவது ஷட்டரு எத்தினி சுத்து பாப்பா?”

“பதினொண்ணரைப்பா. மழை வந்ததும் ரெண்டு சுத்து எறக்குனீங்க, அதையும் எழுதுங்க.”

கடைமடை வரை போகும் கிளை வாய்க்கால்கள் அத்தனையையும், எது எங்கே வளைகிறது, எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பது வரை, ஈர மண்ணில் குச்சியால் வரைந்து காட்டுவாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் முகம் வேர்த்துவிடும். “ஒரு எழுத்தைப் பாக்குறதுக்குள்ள பக்கத்து எழுத்து வந்து அந்த எடத்துல குந்திக்குதுக்கா” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அதனால் தினமும் சாயங்காலம் அவளுடைய பாடத்தை நான் இரண்டு முறை படிப்பேன்; அவளுக்கு அது போதும். மறுநாள் வகுப்பில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிடுவாள். இப்படியே அவள் ஐந்தாம் வகுப்பு வரை வந்தது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தோம். தலைமையாசிரியருக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தோடு சரி. நான் நடந்து போய்ப் படித்த பக்கத்து ஊர்ப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும் என்பதால், செல்விக்கு அப்பா வேறு பள்ளி பார்த்தார். பட்டுக்கோட்டையில் விடுதியோடு சேர்ந்த கான்வென்ட் ஒன்று. முத்துப்பேட்டை சாலையில் ‘ஆதாரப் பள்ளி’ ஒன்று. தோட்டம், தறி, தச்சு என்று கைவேலையின் வழியாகப் பாடம் சொல்லித்தரும் அந்த இரண்டாவது பள்ளிதான் செல்விக்குச் சரி என்று தலைமையாசிரியர் சொன்னார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அப்பா ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் அங்கே அழைத்துப் போனார்.

அது அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த பருவம். வரப்புகளில் செங்கொடி நட்டிருந்தார்கள். மிராசுதாரர்கள் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். மதகுப் பாலத்தில் போலீஸ் வண்டி நின்றது. அதற்கு முந்தின வாரம்தான் கைகலப்பு ஒன்றில் சித்தப்பாவின் முழங்கையை உடைத்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு எங்கள் வீட்டில் படுத்திருந்தார்.

ஆதாரப் பள்ளித் தோட்டத்தில் பெண் பிள்ளைகள் கயிறு பிடித்துப் பாத்தி அளந்துகொண்டிருந்தார்கள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த செல்வி, அங்கிருந்த ஆசிரியரிடம், “சார், இந்தக் கடைசிப் பாத்திக்குத் தண்ணி ஏறாது. மடையை ரெண்டு சாண் தள்ளி வெட்டணும்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு மம்பட்டியை அவள் கையில் கொடுத்தார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டினாள். தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். யாரோ அறைந்ததுபோல நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வெடித்தார். “மம்பட்டியைத் தூக்கக்கூடாதுன்னுதானேடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது? அங்க வாசல்லயே அதைத்தான் கையில குடுக்குறான்!” படுத்திருந்த சித்தப்பா, “மிராசு வீட்டுப் பொண்ணை அதுல சேப்பானுங்களாண்ணே? நம்ம பிள்ளைவளுக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடம்” என்றார்.

மறு ஞாயிறு அந்த ஆசிரியர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் பேசினார். “ஐயா, தலைமையாசிரியர் எல்லாம் சொன்னார். உங்க பொண்ணுக்கு எழுத்து வசப்படலை. அறிவுக்குக் குறைச்சல் இல்லை, நான் பார்த்த பிள்ளைங்கள்ல இவளைப்போல ஒண்ணு இல்லை. கான்வென்ட்ல இவளை உடைச்சிடுவாங்க. என்கிட்ட விடுங்க, நிதானமா எழுத்தையும் கொண்டுவந்துடலாம்.”

அப்பா அன்றைய பத்திரிகையை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். “படிச்சுக் காட்டு பாப்பா.”

முதல் பக்கத்தை அவள் கணீரென்று படித்தாள். தலைப்பு, ஊர், மந்திரி பேசியது எல்லாம் சரியாக வந்தன. காலையில் அப்பா பல் துலக்கும்போது அதே பக்கத்தை நான்தான் உரக்கப் படித்திருந்தேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் ஆசிரியர் தாளைப் பார்க்கவில்லை. அவளுடைய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. தங்கச்சி படிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா?”

செல்வி என்னைப் பார்த்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அவளைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். இத்தனை நாள் ஏமாற்றியதற்கு எனக்கு அடி விழும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முந்தியது என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“படிக்கிறா சார்” என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

கான்வென்டில் நேர்முகம் மட்டும்தான். மனக்கணக்குக் கேட்டார்கள், செய்யுள் சொல்லச் சொன்னார்கள். உடனே இடம் கொடுத்தார்கள். அப்பா ஒரு தகரப் பெட்டி வாங்கி, அதன் மூடியில் அவள் பெயரைத் தன் கையாலேயே பெயிண்டில் எழுதினார்.

விடுதியில் படித்துச் சொல்ல யாருமில்லை. போதாததற்கு ஆங்கில எழுத்தும் சேர்ந்துகொண்டது. ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது அங்கே கட்டாயம். அவளுடைய கடிதங்கள் வாரத்துக்கு ஒரு கையெழுத்தில் வந்தன. அப்பா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தும் சொல்லவில்லை. காலாண்டுத் தேர்வில் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள். திமிர் என்று முட்டி போட வைத்தார்கள். “பேரைப் பாரு, தமிழ்ச்செல்வியாம்!” என்று விடுதிப் பொறுப்பாளர் சாப்பாட்டு வரிசையில் எல்லோர் எதிரிலும் சொல்வாராம். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போக மறுத்தாள். அப்பா பள்ளிக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தார். புத்தி மந்தம் என்று அங்கே சொன்னார்களாம். ஆதாரப் பள்ளியின் பெயரை அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அடுத்த நடவுக்குச் செல்வி அத்தையோடு வயலில் இறங்கினாள். அந்த ஒரு வாரம் அப்பா அந்த வரப்பு வழியாக வராமல் சுற்றுப் பாதையில் போய் வந்தார்.

நான் படித்தேன். தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சென்ற மாதம் செல்வியின் பேத்தியைப் பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்தக் குழந்தைக்கும் எழுத்து நிற்கவில்லை. டாக்டர் டிஸ்லெக்சியா என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவளைக் கை காட்டினேன். குழந்தைக்குத் தோதான பள்ளி எது என்று கேட்டதற்கு, இந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்றார். ஆதாரப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். அந்த ஆசிரியர் எந்த ஊர்க்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் செல்வியிடம் அன்று நான் பொய் சொன்னதைப் பற்றிப் பேசினேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. மடியில் தூங்கிவிட்ட குழந்தையின் தலையைச் சரியாகத் தூக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“நீ பொய் சொல்றேன்னு எனக்குத் தோணலக்கா. எங்க அக்காவே சொல்றா, அப்ப எனக்குப் படிக்க வந்துருச்சு போலன்னுதான் நெனச்சேன். விடுதிக்குப் போயிப் புத்தகத்தைத் தொறக்குற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”