அருவியில் பார்த்துக்கொள்வோம்

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போர்வையைத் துவைத்துத் துவைத்துப் போட்டாயிற்று. டெட்டால் வாசம் போகவில்லை. மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதாம். இருந்தாலும் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். "அப்பா, இப்படி முறைச்சிப் பாத்தா எப்படித் தூங்குறது?" என்கிறாள். நீங்களும் சிரிப்பீர்கள்.

எனக்கு அந்த வாசம் என்றால் தென்காசி ஆஸ்பத்திரிதான். ஐம்பதுகளின் கடைசி. என் தம்பிக்கு விஷக்காய்ச்சல். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் அம்மா. கட்டில் காலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்திருப்பாள். வைத்தியம் பார்த்தவர் சென்னையிலிருந்து புதிதாக வந்த டாக்டரம்மா. முதல் வேலை, மரியாதை கொஞ்சம் தாராளம். அந்தப் பொடிப்பயலிடம்கூட, "மருந்து தரலாமா தம்பி?" என்று கேட்பார்.

"இவன்கிட்ட என்ன கேள்வி? வாயப் பொளந்து ஊத்துங்கம்மா" என்பாள் அம்மா.

காய்ச்சல் விட்டு வீட்டுக்குக் கிளம்பிய அன்று, டாக்டரம்மா வார்டு வாசல்வரை வந்து கைகூப்பினார். "போயிட்டு வாங்க."

அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமலே திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் எங்கள் பக்கம் 'போறேன்' என்று வாயில் வராது, 'போயிட்டு வாரேன்'தான். அது செல்லாத ஒரே இடம் ஆஸ்பத்திரி. அங்கே திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவதுதான் முறை. டாக்டர் படிப்பில் இதெல்லாம் வராது போலிருக்கிறது.

"என்னம்மா, திரும்பவும் காய்ச்சலா?" என்று பதறினார் டாக்டரம்மா.

"நல்ல வார்த்தயாச் சொல்லக்கூடாதா டாக்டரம்மா? இங்கன திரும்பி வரவா பிள்ளயத் தூக்கிட்டுப் போறேன்? சொன்னதத் திரும்ப எடுத்துக்கிடுங்க. அப்பதான் எந்திரிப்பேன்."

"ஐயோ, தப்புதான். நீங்க வரவே வேணாம். நானே உங்க வீட்டுக்கு வரேன்."

"அது இன்னும் மோசம்லா!"

வார்டே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலையில் மேகம் இறங்கியிருந்ததைப் பார்த்தார்.

"குத்தாலத்துல தண்ணி விழுதாமே. அருவியில பாத்துக்குவோமா?"

அம்மா எழுந்துவிட்டாள். "அப்படிச் சொல்லுங்க!"

அந்தச் சாரல் சீசனிலேயே பார்த்தும்விட்டார்கள். பெண்கள் குளிக்கும் பக்கம், நனைந்த சேலையோடு டாக்டரம்மா தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாராம். அந்த இரைச்சலில் என்ன கேட்டதோ! பிறகு கடையநல்லூர்க்காரர்களானாலும் செங்கோட்டைக்காரர்களானாலும், குணமாகிப் போகிறவர்களுக்கு அந்த வார்டில் 'அருவியில பாத்துக்குவோம்' என்பதுதான் விடைகொடுக்கும் சொல்.

அந்த வார்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. மகள் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் வாசலில் 'நன்றி, மீண்டும் வருக' என்று பளபளவென்று ஒரு பலகை. அதைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. வைத்தியம் பார்த்த சின்ன டாக்டர் ஓடிவந்தார்.

"ஏதாவது மறந்துட்டீங்களா சார்?"

"குத்தாலத்துல சீசன் எப்படி தம்பி?"

"நல்லா விழுதாம் சார்."

"அப்போ அருவியில பாப்போம்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்கென்று சொல்லித்தர அம்மாவைப் போல ஆள் இப்போது இல்லை. ஆனாலும், "பாப்போம் சார்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.