ஊதாத் தாளின் முதல் பிரதி

புளி காயவைக்க ஒரு எனாமல் தட்டு வைத்திருக்கிறேன். நீள்சதுரமான தட்டு, இரண்டு விரல் ஆழம், ஒரு மூலையில் எனாமல் உதிர்ந்து இரும்பு தெரியும். உட்புறம் முழுக்க ஊதாக் கறை. சோடா போட்டும் சாம்பல் போட்டும் தேய்த்துப் பார்த்தாயிற்று, போகவில்லை. பார்க்கிறவர்கள் நாவற்பழம் கொட்டி வைத்தீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். யார் உட்கார்ந்து கதை சொல்வது? போன வாரம் தர்மபுரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் வளர்ந்த ஆதரவற்ற பெண்கள் விடுதிக்கு ஆண்டு விழாவாம், மலர் போடுகிறார்களாம், விடுதியை ஆரம்பித்த காரியதரிசி அம்மாவைப் பற்றி நான் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். "அவங்ககூட இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தாங்க மிச்சம்" என்றார்கள். மிச்சம் இருக்கிறேன்தான். எழுதுகிறேன். நாலு வரியில் அடங்காவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முப்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் காலரா வந்தது. ஒரே வாரத்தில் அப்பனும் ஆத்தாளும் போய்விட்டார்கள். எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஏழு. எங்களைத் தர்மபுரிக்குக் கூட்டிவந்து விடுதி வாசலில் நிறுத்தினார் எங்கள் ஊர் மணியக்காரர். ஒரு இடம்தான் காலி என்றார்கள். என்னை வைத்துக்கொண்டு தங்கையை இண்டூருக்கு அனுப்பினார்கள். இண்டூரில் பிள்ளையில்லாத ஒரு விதவை தன் சொந்த வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு அனாதைப் பெண்களை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியம்மா. தங்கை மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள். அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

காரியதரிசி அம்மா வக்கீல் வீட்டு அம்மாள். தங்க பிரேம் கண்ணாடி, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் எப்போதும் ஒரு காக்கி உறை. கெட்டவர் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது, அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல். சிரங்கு பிடித்த குழந்தைக்குத் தன் கையால் வேப்பெண்ணெய் தடவியவர். அரிசி வரவில்லை என்றால் தன் வீட்டு மூட்டையைத் தூக்கிவரச் செய்தவர். பதினாறு வயது முடிந்தால் விடுதியில் இருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். பதினாறு முடிந்ததும் உறவு என்று யாராவது வந்து கூட்டிப் போவார்கள், இல்லையென்றால் எங்காவது வீட்டு வேலை. எனக்குப் பதினாறு முடிந்த அன்று, "உங்கையெழுத்து முத்து முத்தா இருக்குது, ஆபீஸ்ல இரு" என்று என்னை நிறுத்திக்கொண்டவரும் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலால் இட்டதைத் தலையால் செய்யத் தயாராக இருந்தேன். செய்தும் விட்டேன்.

என் வேலை ஊதாத் தாள். எங்களைப்போல ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருந்த சின்னச் சின்ன இல்லங்கள் இண்டூரில், கம்பைநல்லூரில், கடத்தூரில், இன்னும் நாலைந்து ஊர்களில் இருந்தன. அவற்றை நடத்தியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. சர்க்கார் உத்தரவு எதுவானாலும் சேலத்திலிருந்து இங்கிலீஷில்தான் வரும், அதுவும் எங்கள் விடுதிக்கு மட்டும்தான் வரும். காரியதரிசி அம்மா அதைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பள்ளிச் சம்பளம் யாருக்கெல்லாம் தள்ளுபடி, இல்லங்களுக்கு அரிசி கார்டு வாங்க எந்தப் பாரத்தை நிரப்புவது, சர்க்கார் அளந்து விற்கும் கண்ட்ரோல் துணி எப்போது வரும், மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை எந்த ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும், எல்லாம் அதில் இருக்கும். இந்தத் தட்டில் ஜெலட்டினும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றி ஆறவிட்டால் கெட்டிப் பாகு மாதிரி உறைந்து நிற்கும். ஊதா மையால் எழுதிய தாளைக் குப்புறப் போட்டு எடுத்தால் எழுத்து அதில் இறங்கிவிடும். அப்புறம் வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக வைத்து உள்ளங்கையால் நீவி எடுக்க வேண்டியதுதான். முதல் பிரதி பளிச்சென்று இருக்கும், போகப் போக மங்கும். என் பத்து விரலும் வருஷம் முழுக்க ஊதாவாகவே இருக்கும்.

முதல் பிரதியை நான் எப்போதும் இண்டூருக்கு வைப்பேன். பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. தாளை வாசித்துக் காட்டுகிறவள் என் தங்கை. அவள் கண்ணுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று நினைப்பேன், அவ்வளவுதான். தனியாகக் கடிதம் போட எனக்கு ஸ்டாம்புக்கு ஏது வழி? அந்தத் தாள்தான் மாதாமாதம் நான் அவளுக்கு எழுதிய கடிதம். பெரியம்மா அந்தத் தாள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்வார். தாளில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. படித்து முடித்ததும் சுவரில் தொங்கும் ஒரு இரும்புக் கம்பியில் குத்தி வைத்துவிடுவார். முதல் தாளிலிருந்து எல்லாம் அந்தக் கம்பியில் இருந்தன.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தங்கைக்குப் பதினாறு முடிய இரண்டு மாதம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளைத் தாமதமாகச் சேர்த்ததால் அப்போதுதான் எட்டாவதுக்கு வந்திருந்தாள். எட்டாவது பரீட்சை எழுதிவிட்டால் டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம். அவள் மனசில் அது ஒன்றுதான் இருந்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கையில் ஒரு துவரங்குச்சியை வைத்துக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். இன்னும் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் அவள் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். அப்படி நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த உத்தரவு வந்தது. படிப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை வைத்துக்கொள்ளலாம், இன்ன தேதிக்குள் மனு அனுப்ப வேண்டும் என்று காரியதரிசி அம்மா வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, நாலாவது விஷயமாக அதை எழுதினேன். எழுதி முடித்ததும் அதை மட்டும் இன்னொரு தடவை படித்துக்கொண்டேன், சந்தோஷத்தில்.

அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் தாளைத் தட்டில் குப்புறப் போட்டு எடுத்து, பிரதி எடுக்க வெள்ளைத் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு வந்தவர் முகம் வேறு மாதிரி இருந்தது. உத்தரவின் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

"நாலாவது விஷயத்த அழிச்சிரு" என்றார். "ஜில்லாவுக்கே அஞ்சு எடந்தானாம். ஊரெல்லாம் சொன்னா ஆளாளுக்கு மனு போடுவாங்க, நம்ம புள்ளைங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

நான் கையிலிருந்த வெள்ளைத் தாளைக் கீழே வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உந்தங்கச்சி பேர மொதல்ல எழுதறேன். போதுமா?"

"போதுங்கம்மா" என்றேன்.

கம்பைநல்லூரில் இரண்டு பேர், கடத்தூரில் ஒருத்தி அந்த வருஷம் பதினாறைத் தொடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பெயர்கூடத் தெரியும், எல்லா இல்லத்துப் பதிவேட்டையும் எழுதியவளே நான்தான். இருந்தும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, தட்டுப் பாகில் இறங்கியிருந்த அந்தப் பத்தியை மட்டும் துடைத்தேன். புதிதாகக் காய்ச்சி ஊற்றலாம் என்றால் யுத்தத்தில் கிளிசரின் ஏது? கண்ட்ரோல் துணியைப் பற்றி வேறு தாளில் நாலு வரி எழுதி, அதே இடத்தில் குப்புறப் போட்டு எடுத்தேன். முதல் இரண்டு மூன்று பிரதிகளில் அந்த இடம் கொஞ்சம் அழுக்காக வந்தது. மற்ற நாளாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். தாளுக்கும் பஞ்சமாக இருந்ததால் அப்படியே மடித்தேன். பழக்கப்படி முதல் பிரதியை இண்டூர் உறையில் போட்டேன்.

இரண்டு மாதம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் அந்தத் தூக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. தங்கைக்கோ பெரியம்மாவுக்கோ ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வெளியே மூச்சு விடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார், அம்மா பார்த்துக்கொள்வார் என்று நானும் இருந்துவிட்டேன். சேலத்திலிருந்து பட்டியல் வந்தது. ஐந்து பெயர். ஐந்தும் எங்கள் விடுதிப் பெயர். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகப் படித்தேன், ஐந்து பெயரில் ஒரு பெயர் எங்கே ஒளிந்துகொள்ளும்? ஐந்தாவதாக இருந்தது எங்கள் விடுதிக் கமிட்டித் தலைவர் அதற்கு முந்தைய மாதம்தான் கொண்டுவந்து சேர்த்த பெண்.

"எந்தங்கச்சி பேரு இல்லீங்களேம்மா" என்று கேட்டேன்.

காரியதரிசி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவர் கேட்டுட்டாரு. அவரு மனசு கோணுனா நாளைக்கு அரிசி கார்டுக்கு யாருகிட்ட போய் நிக்கறது? நீ புத்திசாலி, புரிஞ்சுக்குவ."

புத்திசாலியாம்! ஒரு பேச்சுக்காவது மன்னிச்சுக்க என்றிருக்கலாம். எழுதி அடித்தாரா, எழுதவே இல்லையா, அதுகூட எனக்குத் தெரியாது. என் ஒருத்தியின் வாயை அடைக்க என் தங்கையின் பெயரை எடுத்தார். வாய் அடைபட்டதும் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டார். சிரங்குக்கு மருந்து தடவிய அதே கைதான். இத்தனை வயசுக்கு மேலும் எனக்கு அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

மறுநாள் காலை, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து இண்டூருக்குப் போனேன். பெரியம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். தங்கை போய் நாலு நாள் ஆகிவிட்டது என்றார். பெங்களூரில் ஒரு மிலிட்டரி டாக்டர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. "பதினாறு முடிஞ்சிருச்சு, வெச்சிருந்தா சர்க்காருல குத்தம் ஆயிருமே கண்ணு. நீ எழுதற தாளுல வேற வழி ஒண்ணும் வல்லியே" என்றார். முறம் நிற்கவில்லை. குற்றம் சொல்லும் குரல்கூட இல்லை அது. நான் உள்ளே போய்க் கம்பியைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. வருஷக்கணக்கான தாள்கள் வரிசையாக இருந்தன. இரண்டு மாதம் முன்பு அனுப்பிய அந்தத் தாள் மட்டும் இல்லை. குழந்தைகள் கிழித்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறமாவது வேலையை விட்டேனா என்றால் அதுவும் இல்லை. எனக்குப் போக வேறு வீடு இல்லை. யுத்தம் முடிந்து, சுதந்திரம் வரும்வரை அதே மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். விடுதிக்கு அச்சு மெஷின் வந்தபோது, வேண்டாம் என்று வைத்த தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தங்கை பெங்களூரிலேயே ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். மூன்று பிள்ளைகள். படிப்புப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை என்னிடம் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவாள். பிள்ளைகள் கதை, கன்னடத்து அக்கம்பக்கத்தார் கதை எல்லாம் பேசுவாள். எட்டாவதைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். நானும் அந்தப் பக்கம் போனதில்லை.

மலர்க்காரர்கள் வந்தபோதும் அவள் இங்கேதான் இருந்தாள். அவர்கள் போனபின் என் கோபம் அடங்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து இந்தத் தட்டில் புளி கோது எடுத்துக்கொண்டிருந்தாள். காரியதரிசி அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனவள், அந்த வேகத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உத்தரவு வந்தது, நான் எழுதியது, போதுங்கம்மா என்றது, பஞ்சை நனைத்துத் துடைத்தது, எல்லாம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பையிலிருந்து ரேஷன் கார்டு உறையை எடுத்து வந்தாள். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். மடிப்பில் இற்றுப்போயிருந்தது. கண்ட்ரோல் துணிச் செய்திக்கு அடியில், மங்கலாக, என் கையெழுத்தில் "பதினெட்டு வயது வரை" என்று இருந்தது. முதல் பிரதி.

"இத அன்னிக்கே படிச்சுட்டேன் அக்கா. பெரியம்மாளுக்கு வாசிக்கறப்ப விட்டுட்டேன். எங்கக்கா எழுதி எங்கக்காளே அழிச்சிருக்குதுன்னா அது இல்லாத சேதியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். போறப்ப கம்பியில இருந்து எடுத்துக்கிட்டேன். உங்கையெழுத்துன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

நான் அந்த மங்கல் எழுத்தை விரலால் தடவினேன். அவள் கேட்டாள்.

"அப்ப, அது நெசமான சேதிதானா?"

ஆமாம் என்றேன்.

அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். தட்டிலிருந்த புளியை ஒரு பழைய துணியில் கொட்டினாள். தட்டைக் கழுவி எடுத்துவந்து, கறை தெரியாமல் சுவரோரம் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். மிச்சப் புளியை நாளைக்கு ஏதாவது முறத்தில் காயவைக்கலாம் என்று சொன்னாள்.